பூவைப் படமாக்கிய பெரியார் டாக்டர் இராபர்ட் வைட்

கண்ணுக்கு இனியவற்றுள் பூவினும் சிறந்தது இல்லை என்பர். ஆயினும், தாம் கண்டதைக் கண்டவாறே பிறரும் காணும்படி செய்யப் புகுவார்க்குப் பூவினும் தொல்லை தருவது பிறிதொன்று இல்லை. மலையைப் படம் பிடிப்பார்க்கு மலை அசையாது நிற்கும். கோபுரம் காலையும் மாலையும் ஓரிடத்திலேயே காத்திருக்கும். பூவோ மெல்லிய காற்றுக்கும் தலையசைக்கும். ஞாயிறு சிறிது உயர்ந்தாலும் வேறு நிறம் காட்டும். நாளை வருவோமென்று விட்டுச் சென்றால் வாடி வீழ்ந்திருக்கும். இவ்வுண்மையை நம் மாணவர் சிலர் சென்ற கார்த்திகைத் திங்களில் சுவாமிமலையில் நேரிற் கற்றனர். அவர்கள் கற்றதே இவ்வரலாற்றை எழுதுமாறு நம்மைத் தூண்டியது.

சுவாமிமலை கும்பகோணத்திற்கு மேற்கே சில கல் தொலைவில், காவிரி பாயும் நெல்வயல்களுக்கு நடுவே உள்ளது. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அமைந்த அறுபது படிகளையுடைய முருகன் கோயிலாலும், ஐம்பொன் படிமங்களை வார்க்கும் ஸ்தபதிகளாலும் அவ்வூர் பெயர் பெற்றது. நாம் சென்ற அன்று பட்டறை ஒன்றில் மெழுகினால் தாமரைப் பீடம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. இளைஞர் ஒருவர் இதழ்களை ஒவ்வொன்றாய் வடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். முதியவர் ஒருவர் அருகில் வந்து, விரலால் தடவிப் பார்த்து, ஓர் இதழைச் சுட்டிக் காட்டினார். இளைஞர் மறுமொழி கூறாது அதனை எடுத்துவிட்டு வேறொன்று வடிக்கலானார். மெழுகுருவின்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளிப்பட்டபின் அவ்வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி வார்ப்பர். அதன்பின் உளியாலும் அரத்தாலும் மெருகிடலாமே ஒழிய, இதழின் போக்கையே மாற்றுதல் அரிது. ஆதலின் குறை கூறுவதற்குரிய காலம் மெழுகு மெழுகாய் இருக்கும் காலமே என்பதை அவ்விருவரும் நன்கு அறிந்திருந்தனர்.

பட்டறையை விட்டு வாய்க்கால் ஓரமாய்த் திரும்புகையில், வேலி ஒன்றின்மேல் செங்காந்தள் கொழுந்துவிட்ட தீப்போலப் பூத்திருந்தது. மாணவர் தம் படக்கருவிகளைக் கையிலெடுத்தனர். அப்போது நண்பகல், வயற்காற்று வீசிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் இருநூறு படங்களுக்குக் குறையாமல் எடுத்திருப்பர்.

கல்லூரி திரும்பியபின் அப்படங்களுள் சிறந்தவை எனத் தாமே தேர்ந்தவற்றை அவர்கள் திரையிட்டுக் காட்டினர். அவையோர் கைதட்டினர். தாவரநூல் ஆசிரியர் மட்டும் கைதட்டவில்லை. கேசரங்கள் எத்தனை என்றும், சூல்தண்டு எப்பக்கம் வளைந்தது என்றும், இலையின் நுனி எவ்வாறு முடிகிறது என்றும் அவர் அமைதியாய் வினவினார். ஒரு படத்திலிருந்தும் விடை கூற இயலவில்லை. எங்கும் செந்நிறம் பிழம்பாய் நின்றது. இதழின் நரம்பு ஒன்றேனும் புலப்படவில்லை. மாணவர் முகம் வாடிற்று. ஒருவர், படம் அழகாயிருந்தாற் போதாதோ என்று சற்று மனத்தாங்கலோடு கேட்டார். அதற்கு விடையாக ஆசிரியர் நூல்நிலையத்துக்குச் சென்று இராபர்ட் வைட் என்பாரைப்பற்றிப் படிக்குமாறு அம்மாணவரை அனுப்பினார். அவரோடு நாமும் படித்தோம்.

டாக்டர் இராபர்ட் வைட் ஸ்காட்லாந்து நாட்டில் 1796-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் பிறந்தவர். எடின்பரோ நகரத்து வழக்கறிஞர் ஒருவருடைய மக்கள் பதினால்வருள் இவர் பன்னிரண்டாமவர். அந்நகரத்துப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1818-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னை மாகாணப் படையில் துணை மருத்துவராய் அமர்ந்தார். அக்காலத்து மருத்துவர்க்குச் செடிநூல் பொழுதுபோக்கன்று. மருந்துகளுள் பெரும்பாலன செடியிலிருந்து வந்தமையின், செடியைத் தவறாய் அறிந்தவர் நோயாளியைக் கொல்லவுங்கூடும். நம் செங்காந்தளையே எடுத்துக்கொள்க. அதன் கிழங்கு மருந்துக்கும் பயன்படும். அளவு மீறின் உயிரையும் வாங்கும். எனவே ஒரு செடியின் படம் மெய்யாய் இருத்தல் வேண்டும் என்பது ஓவிய விருப்பத்தால் மட்டும் எழுந்த கோரிக்கை அன்று.

தென்னாட்டுச் செடிகளைத் தேடிய மேனாட்டாருள் வைட் முதல்வர் அல்லர். காவிரி கடலொடு கலக்கும் நாட்டிலேயே, தரங்கம்பாடியில், அவருக்கு அரை நூற்றாண்டின் முன்னரே இப்பணி தொடங்கிவிட்டது. லின்னேயஸ் என்னும் பேரறிஞரின் மாணவரான கோனிக் 1768-இல் அவ்வூருக்கு மருத்துவராய் வந்து, ஆங்கிருந்த மிஷனரிமார்க்குச் செடிநூற் சுவையை ஊட்டினார். அவர்களுள் ஒருவராகிய ராட்லர் பின்னர்த் தமிழ் அகராதி தொகுத்தவராக நமக்கு அறிமுகமானவர். தஞ்சையில் ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் செடி கொடிகளையும் விலங்கு பறவைகளையும் ஓவியர்களைக்கொண்டு எழுதுவித்தார். இவர்கள் இட்ட பாத்தியில்தான் வைட் நாற்று நட்டார் எனல் பொருந்தும்.

1826-இல் சென்னை அரசாங்கத்தின் இயற்கைநூல் அறிஞர் என்னும் பதவி அவருக்குக் கிடைத்தது. தென்னாடெங்கும் சுற்றிச் செடிகளைத் திரட்டினார். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1828-இல், கவர்னர் லஷிங்டன் காலத்தில் அப்பதவியே ஒழிக்கப்பட்டது. திரட்டிய செடிகள் இலண்டனுக்குச் சென்றன. திரட்டியவர் நாகப்பட்டினத்துக் காவற்படையின் மருத்துவராய்ச் சென்றார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இது வீழ்ச்சியே. அவ்வூரில் அவருக்கு நூல்நிலையமும் இல்லை. ஒத்த கல்வியுடைய தோழரும் இல்லை. எனினும், அவர் வாழ்வின் மிக வளமான பகுதி அங்கேதான் தொடங்கியது என்பது நம் துணிபு. ஏனெனில் நாகப்பட்டினத்தில் இருந்தபோது அவருக்கு இரண்டு கண்கள் துணைநின்றன. ஒன்று அருகிலிருந்த கண். மற்றொன்று பல்லாயிரம் கல்லுக்கு அப்பாலிருந்த கண்.

அருகிலிருந்த கண் ரங்கையா என்னும் ஓவியர். பெயரால் தெலுங்கர் என எண்ண இடமுண்டு. அக்காலத்தே துரைமார் பலர் நாட்டு ஓவியரை வேலைக்கு அமர்த்திப் பூவும் பறவையும் எழுதச் செய்தனர். ஆனால் எழுதியவர் பெயரைப் பெரும்பாலோர் குறித்துவைப்பதில்லை. ரங்கையாவின் பயிற்சி ஐரோப்பியச் செடிப்படப் பயிற்சி அன்று. கோடு பிறழாமை, பொறுமை, நுணுக்கம் ஆகியவை அவரிடம் முன்னரே இருந்தன. பூவை அறுத்து உள்ளுறுப்புக்களைக் காட்டும் முறையே புதியது. வைட் பூவைப் பிளந்து பெருக்காடியின் கீழ் வைப்பார். ரங்கையா பார்த்து எழுதுவார். செடிநூல் அறிந்த கையும் தூரிகை அறிந்த கையும் வேறு வேறாய் இருந்தமையால் ஒருவர் பிழையை மற்றவர் காண இடமிருந்தது.

தொலைவிலிருந்த கண் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துச் செடிநூற் பேராசிரியர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர். வைட் அவரோடு கடிதப் போக்குவரவைத் தொடங்கி, உலர்த்திய செடிகளையும் ரங்கையாவின் ஓவியங்களையும் அனுப்பலானார். ஹூக்கர் தாமும் தேர்ந்த ஓவியர். நூற்றுக்கணக்கான செடிகளைத் தம் கையால் எழுதி வெளியிட்டவர். ஓவியத்தோடு உலர்ந்த செடியையும் உடன் அனுப்பியதில் ஒரு நுட்பம் உண்டு. உலர்ந்த செடி நிறத்தை இழந்திருக்கும். ஆனால் எண்ணிக்கையிலும் உறுப்பமைப்பிலும் பொய் கூறாது. ஓவியம் நிறத்தையும் நிலையையும் காட்டும். ஆனால் ஓவியர் அயர்ந்த இடத்தில் பொய் கூறிவிடும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரிடம் குறையை மறைத்தல் இயலாது. மறைக்க விரும்பாத ஒருவரே அவ்வாறு இரண்டையும் சேர்த்து அனுப்புவார்.

அந்நாளில் நீராவிக் கப்பல் இப்பாதையில் இல்லை. பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்று மீள வேண்டும். ஒரு வினாவுக்கு விடை வர ஓராண்டை ஒட்டிய காலம் கழியும். நம் மாணவர்க்கு ஆசிரியர் குறை கூறியது படம் எடுத்த மூன்றாம் நாள். அதற்கே முகம் வாடிற்று. ஓராண்டு காத்திருந்து, ஒரு பெயர் தவறு என்றோ, ஓர் உறுப்பு விளங்கவில்லை என்றோ அறிந்துகொள்வதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! ஹூக்கர் அவ்வோவியங்களுள் சிலவற்றைத் தகடுகளாக்கித் தம்முடைய செடிநூல் வெளியீட்டில், 1830-ஐ அடுத்த ஆண்டுகளில் பதிப்பித்தார். இவ்வாறு நாகப்பட்டினத்தில் எழுதிய பூக்கள் கிளாஸ்கோவில் அச்சேறின.

1831-இல் வைட் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றார். உடன் சென்ற சுமையைக் கேட்பின் வியப்புண்டாகும். ஏறத்தாழ 1,00,000 செடி மாதிரிகள், அவற்றின் எடை 2 டன் என்பர். மூன்றாண்டுகள் ஆர்நட் என்னும் அறிஞரோடு சேர்ந்து உழைத்து, தென்னிந்தியச் செடிகளைக் குடும்பம் குடும்பமாய் வகுத்துரைக்கும் நூலின் முதற்பாகத்தை 1834-இல் வெளியிட்டார். அந்நூல் அவ்வளவில் நின்றுவிட்டது. சொல்லால் மட்டும் ஒரு பூவைக் காட்டுதல் எத்துணை அரிது என்பதை அவ்வுழைப்பு அவருக்குக் காட்டியிருத்தல் கூடும். ஏனெனில் இந்தியா திரும்பியபின் அவர் தம் ஆற்றலையெல்லாம் படத்திற்கே செலவிட்டார்.

திரும்பிய பின்னர்ப் பெல்லாரியில் படை மருத்துவராயிருந்து, படையுடன் பாளையங்கோட்டை வரை நடைப்பயணம் செய்து, வழியெல்லாம் செடி தேடினார். 1836-இல் அரசாங்கம் அவரை வருவாய்த் துறைக்கு மாற்றிப் பருத்தி, புகையிலை முதலிய விளைபொருள்களை ஆராயப் பணித்தது. அவ்வாண்டில் குற்றாலத்தையும் இலங்கையையும் கண்டார். 1838-இல் திருமணம் செய்துகொண்டார். அவ்வாண்டே சென்னையிலிருந்து அவருடைய இரண்டு பெருநூல்கள் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கின. ஒன்று வண்ணம் தீட்டிய படங்களையுடைய இந்தியச் செடிநூல் விளக்கம். மற்றொன்று வண்ணமில்லாக் கோட்டுப்படங்களாலான கீழ்நாட்டிந்தியச் செடிகளின் உருவத் தொகுதி.

இவ்விடத்தில் அச்சுத்தொழிலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஐரோப்பாவில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடுவதற்குப் பொருளும் காலமும் மிக வேண்டும். வைட் மேற்கொண்டது கல்லச்சு முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த மசியால் எழுதுவர். பின் கல்லை நீரால் நனைப்பர். கோடுள்ள இடம் நீரை ஏலாது. கோடில்லா இடம் நீரை ஏற்கும். மேலே மசியுருளையை ஓட்டினால் மசி கோட்டில் மட்டும் பற்றும். எண்ணெயும் நீரும் ஒன்றுகூடா என்னும் எளிய இயல்பே இத்தொழிலின் உயிர். இத்தொழிலுக்குரிய சிறந்த கற்கள் பவேரியா நாட்டிலிருந்து வந்தவை. சென்னை வெயிலோ கொழுப்பு மசிக்குப் பகை. மசி இளகினால் மெல்லிய கோடு தடித்துவிடும். வைட் இக்கலையைத் தாமே பயின்று, பிறரையும் பழக்கினார். மருத்துவர் ஒருவர் கல்லையும் மசியையும் கட்டிக்கொண்டு அழுவானேன் என நண்பர் எவரேனும் நகைத்திருப்பின் வியப்பில்லை. ஆனால் பூவை அறுத்த கைக்கே அச்சில் எந்தக் கோடு மறைந்தது என்பது தெரியும்.

அத்தகடுகளின் அமைப்பை நோக்குவோம். நடுவே செடியின் கிளை ஒன்று, இலையும் பூவுமாய், அதன் இயல்பான வளைவோடு நிற்கும். ஓரங்களிலும் அடியிலும் சிறு சிறு படங்கள்: விரித்துக் காட்டிய பூ, ஒரு கேசரம், நெடுக அறுத்த சூற்பை, குறுக்கே அறுத்த சூற்பை, ஒரு விதை. ஒவ்வொன்றும் பெருக்கிக் காட்டப்பட்டிருக்கும். ஒரே படத்தில் எல்லாவற்றையும் கூறிவிட முயலாமை இம்முறையின் சிறப்பு. தொலைவில் நின்று காண்பது ஒன்று. அருகில் சென்று காண்பது ஒன்று. உள்ளே புகுந்து காண்பது ஒன்று. நம் செங்காந்தளும் உருவத் தொகுதியின் இறுதிப் பகுதியில் இடம் பெற்றுள்ளது. அப்பூவில் ஆறு இதழ்களும் விளிம்பு நெளிந்து மேல்நோக்கி மடங்கி நிற்கும். ஆறு கேசரங்கள் பக்கவாட்டில் விரியும். சூல்தண்டு தன் அடியிலேயே செங்கோணமாய் ஒரு பக்கம் திரும்பும். இலையின் நுனி பற்றுக்கம்பியாய்ச் சுருளும். இந்நான்கும் தெரிந்தால் அது செங்காந்தள். தெரியாவிடின் அது வெறுஞ் சிவப்பு.

படக்கருவி கொண்டு பூவை எடுப்பார்க்கும் இம்முறையே வழி என்று நம் ஆசிரியர் விளக்கினார். செடி முழுதும் அது பற்றியிருக்கும் வேலியோடு ஒரு படம். பூ ஒன்றைப் பக்கவாட்டில் அதன் உயரத்துக்கே குனிந்து ஒரு படம். கேசரமும் சூல்தண்டும் தெளியுமாறு மிக நெருங்கி ஒரு படம். நெருங்குந்தோறும் தெளிவாய் விழும் ஆழம் குறையும். ஆதலின் துவாரத்தைச் சுருக்குதல் வேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நேரம் மிகும். நேரம் மிகுந்தால் காற்றில் பூ அசைந்து கலங்கும். எனவே விடியற்காலையில், வயற்காற்று எழுமுன் செல்க என்றார். செந்நிறப் பூவாயின் ஒளியளவைச் சற்றுக் குறைத்தே எடுத்தல் நன்று. இல்லையேல் இதழின் நரம்புகள் செம்பிழம்பில் மூழ்கும். பின்னே வேலியின் குழப்பம் இருப்பின், பூவுக்குச் சற்றுப் பின்னால் கறுத்த அட்டை ஒன்றைப் பிடிக்கச் செய்யலாம். இவையெல்லாம் சிறு செய்திகள். ஆயினும் இருநூறு படங்களில் ஒன்றுகூடத் தேறாமைக்கு இச்சிறு செய்திகளே காரணம்.

நிற்க. வைட்டின் கல்லச்சுத் தகடுகள் வெளிவரத் தொடங்கிய மறு ஆண்டில், 1839-இல், ஒளியே தானாக எழுதும் ஓவியம் என்னும் புதுமை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அதனைக் கண்டவர் டால்பட். அவர் செடிநூலிலும் வல்லவர். வெள்ளியுப்புப் பூசிய தாளின்மேல் இலையையோ பூவையோ வைத்து வெயிலில் காட்டினால், மூடிய இடம் வெண்மையாகவும் மற்ற இடம் கருமையாகவும் அதன் உருவம் பதியும். இம்முறையால் பிரிட்டிஷ் நாட்டுச் செடிகளுக்கு ஒரு படநூல் செய்யலாமே என்று டால்பட் கருதினார். அதற்குத் துணை வேண்டி, மணிப்பூ இனத்துச் சிறு கொடி ஒன்றின் ஒளிப்படத்தை ஒருவருக்கு அனுப்பினார். யாருக்கு எனில், வைட்டின் ஓவியங்களை ஆராய்ந்த அதே ஹூக்கருக்கு.

ஹூக்கர் அதனை அழகிது என ஒப்புக்கொண்டார். ஆனால் பூவின் உப்பலும், புல்லி வட்டமும், இலை நரம்புகளும் அதில் தெளிவாகப் புலப்படவில்லை என்று எழுதினார். அக்குறை தீருங்காலத்து இக்கலை செடிநூலுக்குப் பயன்படும் என்றும், அது தீரும் என்பதில் ஐயமில்லை என்றும் சேர்த்துரைத்தார். பூவின் ஒளிப்படத்துக்குச் செடிநூல் வல்லார் கூறிய முதல் மதிப்புரைகளுள் இஃது ஒன்று. சென்ற கார்த்திகையில் நம் ஆசிரியர் கேட்ட வினாக்களும் ஏறக்குறைய இவையே என்பதைக் கண்டபோது நமக்கு நகை வந்தது. எதைப் புகழ்ந்தார், எதைக் குறைத்தார், எதை எதிர்நோக்கினார் என்று மூன்றும் ஒரு கடிதத்தில் உள்ளமை அறிக. அவர்கள் எண்ணிய படநூல் வெளிவரவில்லை. ஆனால் டால்பட் சோர்ந்து அமரவில்லை. 1841-இல் முன்னினும் விரைவாகப் பதியும் புதுமுறை ஒன்றை வெளியிட்டார். அவர் பின்னர்ப் பதிப்பித்த ஒளிப்பட நூலில் இலை ஒன்றின் படம் நரம்புகளோடு விளங்குகிறது.

ஒளிப்படக் கலை காவிரி நாட்டுக்கு வரச் சில ஆண்டுகள் சென்றன. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் தஞ்சைப் பெரிய கோயிலையும், சுவாமிமலைக்கு மேற்கே காவிரிக்கரையில் உள்ள திருவையாற்றையும் படமெடுத்து வெளியிட்டார். அவர் பெயரிலே பூநூற் பேரறிஞர் இருந்தும், அவர் எடுத்தவை பெரும்பாலும் கோயில்களே. தாளில் உரு விழுவதற்கு நெடுநேரம் வேண்டியிருந்த காலத்தில், அசையாக் கல்லே ஒளிப்படக் கலைஞனுக்கு உற்ற நண்பன். பூ இன்னும் தூரிகையின் ஆட்சியிலேயே இருந்தது.

அத்தூரிகை 1840-ஐ அடுத்த ஆண்டுகளின் நடுவில் ரங்கையாவிடமிருந்து கோவிந்து என்னும் மற்றோர் ஓவியர் கைக்கு மாறியது. உருவத் தொகுதி 1853-இல் முடிவுற்றபோது ஆறு பாகங்களில் 2,101 தகடுகள் நிறைந்திருந்தன. வண்ண விளக்க நூலில் 180-க்கு மேற்பட்டவை. நீலகிரிச் செடிகளுக்கென எழுதிய நூலில் 200-ஐ ஒட்டியவை. பதினைந்து ஆண்டுகளில், அரசாங்க உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டே, இத்துணையும் செய்தார். உண்மையைக் கூறின் எல்லாத் தகடுகளும் ஒரு தரத்தன அல்ல. சில, முன்னோர் எழுதிய ஓவியங்களின் படிகள். சில, உலர்ந்த செடியைப் பார்த்து எழுதியவை. அவற்றில் இலைகள் தாளில் அமுக்கிய விறைப்போடே நிற்கின்றன. விரைவு அவருடைய குறை. மனிதன் வாழ்நாள் சிறிது, செடிகள் பல என்னும் கவலையே அவ்விரைவுக்குக் காரணம் எனலாம்.

மற்றொரு செய்தியில் அவர் தம் காலத்தாரினும் உயர்ந்து நின்றார். தகடுகளின் அடியில் ஓவியர் பெயரைப் பொறித்தார். ரங்கையா, கோவிந்து என்னும் பெயர்கள் இலண்டன், பாரிஸ் நூல்நிலையங்களுக்கும் சென்றன. இறுதிப் பாகத்தில், ஆர்க்கிட் குடும்பத்துப் புதிய இனமாகத் தாம் கருதிய ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். செடிநூலில் அரசர் பெயரும் பிரபுக்கள் பெயரும் மலிந்த காலம் அது. மாதச் சம்பளத்துக்கு எழுதிய ஓவியன் ஒருவன் பெயரைப் பூவுக்கு இடுதல் அரிய செயல். பிற்கால ஆராய்ச்சியில் அச்செடி முன்னமே பெயர் பெற்ற வேறோர் இனத்தைச் சார்ந்தது எனத் தெளிந்தமையால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. ஏடுகளில் இணைப்பெயராய் நிற்கிறது. குறை கண்டு திருத்தும் வழக்கம் நல்லெண்ணத்தால் இட்ட பெயரையும் விட்டுவைப்பதில்லை.

வைட்டின் உத்தியோக வாழ்க்கையின் முடிவு இன்பமாய் இல்லை. 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிர்செய்யும் சோதனையை அவர் மேற்பார்த்தார். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும் என்பது கும்பினியின் நோக்கம். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. 1853-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, ரெடிங் நகரை அடுத்த கிரேஸ்லி என்னுமிடத்தில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். 1855-இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. செடிநூலில் பின்னர்ப் பெரிதாக அவர் ஒன்றும் எழுதவில்லை. 1871-இல் தம் செடித் தொகுதியைக் கியூ தோட்டத்துக்கு அளித்துவிட்டு, மறு ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், தம் 75-ஆம் வயதில் காலமானார்.

ரங்கையாவும் கோவிந்துவும் எழுதிய மூல ஓவியங்கள் நெடுங்காலம் எவரும் பெரிதாய் நோக்காமல் கிடந்தன. எடின்பரோ அரச தாவரத் தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி அவற்றை ஆராய்ந்து 2007-இல் மூன்று பாகங்களாக நூல் வெளியிட்டார். அந்நூலின் பெயரிலேயே வைட்டோடு அவ்விரு ஓவியர் பெயர்களும் இடம்பெற்றன.

நம் மாணவர் தைத் திங்களில் மீண்டும் சுவாமிமலைக்குச் சென்றனர். இம்முறை விடியுமுன் சென்றனர்; கறுத்த அட்டையும் எடுத்துச் சென்றனர். ஆனால் வேலியில் பூ இல்லை. கொடி மஞ்சளித்துச் சாய்ந்திருந்தது. காய் வெடித்துச் செந்நிற விதைகள் தெரிந்தன. அவ்விதைகளை மூன்று வகையாய்ப் படமெடுத்துக்கொண்டு வந்து, கேளாமலே ஆசிரியர் மேசைமேல் வைத்தனர். அவர் இரண்டைத் திருப்பித் தந்து, ஒன்றை வைத்துக்கொண்டார். கிழங்கு இப்போது மண்ணுக்குள் உறங்குகிறது. மழை வந்து, அது மீண்டும் முளைத்து வேலியேறும் கார்த்திகை வரை அவர்கள் காத்திருத்தல் வேண்டும்.